எர்த்பால் காளான் கிடைச்சிருக்கு, அது புது ஸ்பீசிஸா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது?

கேள்வி இதுதான்: ஊட்டி பக்கம் பைன் தோப்புல எலுமிச்சம்பழ சைஸ்ல கெட்டியா உருண்டையா ஒரு காளான் இருந்துச்சு, வெட்டினா உள்ள கருப்பு, போட்டோவை ஆப்ல போட்டா ஸ்கிளீரோடெர்மான்னு ஜீனஸோட (பேரினத்தோட) நிறுத்திடுது, நெட்ல இருக்கற எந்தப் படத்தோடயும் சரியா ஒத்துப்போகல, அப்ப இது புது ஸ்பீசிஸா, ஆமான்னா எப்படி அறிவிக்கறது, எங்க ஊர் பேரை வைக்கலாமா, சாப்பிடலாமா.

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், சாப்பிடாதீங்க. எர்த்பால், அதாவது ஸ்கிளீரோடெர்மா, வயித்தைக் கெடுக்கும், வாந்தி, வயித்துவலி, பேதின்னு சில மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சுடும், சில பேருக்கு வேர்த்து மயக்கம் கூட வந்திருக்கு. ஜார்க்கண்ட் பக்கம் மழைக்காலத்துல மார்க்கெட்ல ருக்டான்னு குட்டி குட்டி உருண்டை விப்பாங்களே, அது அஸ்ட்ரேயஸ், வேற ஜீனஸ், அதைப் பார்த்துட்டு இதையும் குழம்பு வைக்கலாம்னு இறங்கிடாதீங்க.

இப்ப மெயின் விஷயம். ஆப் ஸ்பீசிஸ் பேர் சொல்லலங்கறது புதுசுங்கறதுக்கு ஆதாரமே இல்ல, ஏன்னா இந்த ஜீனஸ்ல வெளித்தோற்றத்தை மட்டும் வச்சு ஸ்பீசிஸ் சொல்றது பல வருஷம் இதையே பார்த்துட்டு இருக்கறவங்களுக்கே கஷ்டம், ஆப் ஜீனஸோட நின்னுச்சுன்னா அது நேர்மையா இருக்குன்னு அர்த்தம். புதுசுன்னு சொல்றது உங்க காளானைப் பத்தின ஸ்டேட்மென்ட் இல்ல, இதுவரைக்கும் பேர் வச்ச அத்தனை ஸ்கிளீரோடெர்மாவைப் பத்தின ஸ்டேட்மென்ட், இது அது எதுவும் கிடையாதுன்னு நீங்க காட்டணும். வேலை மொத்தமும் அங்கதான் இருக்கு.

முதல்ல அது எர்த்பால்தானான்னு உறுதி பண்ணுங்க. நடுவுல நேரா வெட்டிப் பாருங்க. இளசா இருக்கற பஃப்பால்னா (இதே மாதிரி உருண்டையா வர்ற வேற காளான்) உள்ள முழுக்க வெள்ளையா பஞ்சு போல இருக்கும். எர்த்பால் ரொம்ப இளசுல மட்டும்தான் வெளுப்பா இருக்கும், சீக்கிரமே ஊதா கலந்த கருப்பாயிடும், அதுக்கு நடுவுல மெல்லிசா வெள்ளை நரம்பு ஓடும், சுத்தி தடிமனா ஒரு தோல் தனியா தெரியும், கத்தி இறங்கும்போதே அந்தத் தோல் கெட்டியா தட்டுப்படும். உள்ள அரிசி அரிசியா தனித்தனி அறை தெரிஞ்சா அது பைசோலித்தஸ், யூகலிப்டஸ் தோப்புல சகஜமா வரும். வெளித்தோல் நட்சத்திரமா விரிஞ்சு நடுவுல உருண்டை உட்கார்ந்திருந்தா அஸ்ட்ரேயஸ் இல்லன்னா எர்த்ஸ்டார் (ஆனா சில ஸ்கிளீரோடெர்மாவும் முத்தினப்புறம் நட்சத்திரமா வெடிக்கும், பாலிரைஸம் அப்படித்தான், அதனால இதை மட்டும் நம்பாதீங்க). குறுக்கு வெட்டுல ஒரு குட்டிக் குடைக்காளானோட உருவம் தெரிஞ்சா அது அமானிட்டாவோட முட்டைப் பருவம், அதுல ஆளைக் கொல்ற வகையும் இருக்கு.

ஒரு சின்ன சைடு நோட், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பார்க்க பஃப்பால் போல இருந்தாலும் எர்த்பாலுக்கும் பஃப்பாலுக்கும் சொந்தம் ரொம்ப தூரம், இது பொலிட்டேலிஸ் ஆர்டர், அதாவது குடைக்கு அடியில மடிப்பு மடிப்பான செவுளுக்குப் பதிலா சின்னச் சின்ன துளையா இருக்குமே அந்த பொலீட் காளான் கும்பல். டிஎன்ஏ மட்டும் இல்ல, கெமிஸ்ட்ரியும் அதையே சொல்லுது, சிட்ரினம்ங்கற சாதாரண எர்த்பாலோட மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஸ்கிளீரோசிட்ரின்ங்கற நிறமி பொலீட்கள்ல இருக்கற நிறமிகளோட குடும்பம்தான். இன்னும் வேடிக்கை, சூடோபொலீட்டஸ் பாரசிட்டிகஸ்னு ஒரு பொலீட் இந்த எர்த்பால் மேலயே ஒட்டுண்ணியா முளைக்கும், ஐரோப்பாவுல அதைத் தேடிட்டே திரியற ஆளுங்க இருக்காங்க.

சரி, எர்த்பால்தான்னு ஆச்சு. அடுத்து எல்லாரும் ஓடற இடம் மைக்ராஸ்கோப், நான் சொல்றது அதுக்கு முன்னாடி தலையைத் தூக்கி மரத்தைப் பாருங்க. ஸ்கிளீரோடெர்மா எக்டோமைக்கோரைசா காளான், மரத்தோட வேர் நுனியில உறை போட்டு உட்கார்ந்து தண்ணியும் சத்தும் கொடுத்துட்டு பதிலுக்கு மரத்துக்கிட்ட சர்க்கரை வாங்கிக்கும், அதனால மரம் எங்க போகுதோ பெரும்பாலும் அதோட காளானும் நாத்து மண்ணுல ஒட்டிட்டு கூடவே போயிடும். நீலகிரியில இருக்கற பைனஸ் பட்டுலாவோட சொந்த ஊர் மெக்ஸிகோ. யூகலிப்டஸ் 1843ல கொண்டு வந்தது, அது ஆஸ்திரேலியா. அந்த மரங்களுக்குக் கீழ ஒரு உருண்டை கிடைச்சா நீங்க முதல்ல கம்பேர் பண்ண வேண்டியது இந்தியாவோட லிஸ்ட்டை இல்ல, மரத்தோட தாய்நாட்டு லிஸ்ட்டையும், அந்த மரத்தை வேற எங்கெல்லாம் நட்டிருக்காங்களோ அந்த ஊர் லிஸ்ட்டையும். அதுவும் உங்க கேஸ்ல பாதி வேலை ஏற்கனவே முடிஞ்சிருக்கு, நீலகிரி பைனஸ் பட்டுலா வேர்ல ஸ்கிளீரோடெர்மா சிட்ரினம் போடற உறை எப்படி இருக்கும்னு மோகன், நடராஜன், இங்கிள்பி மூணு பேரும் 1993லயே வேரை வெட்டிப் பார்த்து மைக்கோரைசா ஜர்னல்ல எழுதிட்டாங்க. அதனால நீங்க சொல்ற இடம், நீங்க சொல்ற மரம் ரெண்டையும் வச்சுப் பார்த்தா என் பெட் சிட்ரினம் இல்லன்னா அதுக்குப் பக்கத்துல ஒண்ணு.

இதே உருண்டை மேற்குத் தொடர்ச்சி மலையில வெள்ளைக் குங்கிலியம், கோங்கு மாதிரி நம்ம சொந்த டிப்டரோகார்ப் மரத்துக்குக் கீழ கிடைச்சிருந்தா நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். ஏன்னா கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல புதுசா வந்த எர்த்பால்கள்ல பலது வெப்பமண்டலத்துக் காட்டுல இருந்து வந்தவைதான், அமேசான் மழைக்காட்டுல இருந்து 2012ல மினுட்டிஸ்போரம், தாய்லாந்துல இருந்து 2013ல சுதெபென்ஸே. யாரும் உட்கார்ந்து பார்க்காத இடத்துலதான் பேர் இல்லாதது இருக்கும், தோட்டக்காடு எல்லாரும் நடந்து தேய்ஞ்ச இடம்.

எடுக்கும்போது என்ன பண்ணணும்னா, பிடுங்காதீங்க, கீழ மண்ணோட தோண்டி எடுங்க, அடிப்பாகம் ரொம்ப முக்கியம், காம்பு மாதிரி வேர்க்கொத்து இருக்கா, எவ்வளவு நீளம், மண்ணை இறுக்கிப் பிடிச்சிருக்கா, கயிறு மாதிரி மைசீலியம் (காளானோட இழைக்கூட்டம்) என்ன கலர், இதெல்லாம் மேல மட்டும் பிடுங்கினா போச்சு. ஐரோப்பாவுல மத்தியத்தரைக்கடல் மணல்ல வர்ற மெரிடியோனேலை டெமூலானும் மாலன்சோனும் 1970ல விவரிச்சாங்க, அதுக்கு வடக்குல ஒரு ஜோடி மாதிரி மணல்மேட்டுல வர்ற செப்டன்ட்ரியோனேலை ஜெப்சன் 1998ல தனியா பிரிச்சார், ரெண்டுமே மணலுக்குள்ள நீளமா இறங்கற அந்த அடிக்காம்புக்குப் பேர் போனது, மணலுக்கு மேல தெரியற உருண்டையை மட்டும் எடுத்துட்டு வந்தா கதையில பாதி மணல்லயே இருந்துடும்.

ஒரே இடத்துல இளசு, முத்தினது, வெடிச்சது மூணும் வேணும். ஒத்தை உருண்டையை வச்சு புது ஸ்பீசிஸ் எழுதறவங்களை நான் நம்ப மாட்டேன், கெட்ட எண்ணம் இல்ல, இந்தக் காளான் மழைக்கும் வெயிலுக்கும் தகுந்த மாதிரி ஆளே மாறிடும். வெயில்ல இருந்தது தோல் வெடிச்சு செதில் செதிலா நிக்கும், இலைக்குப்பைக்கு அடியில இருந்தது வழவழன்னு இருக்கும், நாலு மழை பட்டதுல செதிலே கழுவிட்டுப் போயிருக்கும். வெட்டின உடனே கலர் மாறுதான்னு பார்த்து எழுதிக்கோங்க, சிட்ரினத்தோட தோல் வெட்டின இடத்துல லேசா ரோஸ் ஆகும், காய்ஞ்சதுல அது தெரியாது. தோலோட தடிமன் ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர்ல, ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதே. சிட்ரினம்னா ரெண்டுல இருந்து அஞ்சு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், வெருகோசம், ஏரியோலேட்டம் எல்லாம் மெல்லிசு. உள்ளயிருந்து ஒரு சின்னத் துண்டை சிலிக்கா ஜெல்ல போட்டு டிஎன்ஏவுக்குன்னு தனியா வச்சுட்டு, மிச்சத்தை 40-45 டிகிரியில நிதானமா உலர்த்துங்க, ஓவன்ல போட்டு வறுத்துடாதீங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட்னா வனத்துறை பர்மிஷன் இல்லாம எதையும் எடுக்காதீங்க, அப்புறம் பேப்பர் எழுதற நேரத்துல ஜர்னல் கேட்கும், கையில ஒண்ணும் இருக்காது.

இப்ப மைக்ராஸ்கோப். இந்த ஜீனஸோட ஜாதகமே ஸ்போர்லதான் (விதை மாதிரி காளானைப் பரப்பற பொடி) இருக்கு. முத்தின உருண்டைக்குள்ள இருந்து துளி பொடி எடுத்து 5% கேஓஹெச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) போட்டு 100எக்ஸ் ஆயில் லென்ஸ்ல பாருங்க, முதல்ல ஸ்போரோட ஓரத்தை ஃபோகஸ் பண்ணுங்க, உருண்டையைச் சுத்தி முள்ளு முள்ளா நிக்கறது தெரியும், அங்கயே நிறுத்தாம ஃபைன் ஃபோகஸை மெதுவா திருப்பி ஸ்போரோட மேல்பரப்புக்கு வாங்க, அங்க அந்த முள்ளுங்க தனித்தனி புள்ளியா நிக்குதா இல்ல ஒண்ணுக்கொண்ணு கோடு போட்டு வலையா சேர்ந்திருக்கான்னு பாருங்க. இந்த ஒரு திருப்புல பாதி ஜீனஸ் கழிஞ்சிடும். முழு வலைன்னா சிட்ரினம், போவிஸ்டா பக்கம், வெறும் முள்ளுன்னா ஏரியோலேட்டம், வெருகோசம், செபா பக்கம், அரைகுறை வலைன்னு நடுவுல ஒரு கும்பல் இருக்கு. மெக்ஸிகோக்காரர் கஸ்டோன் குஸ்மான் 1970ல இந்த ஜீனஸுக்கு மோனோகிராஃப் (ஜீனஸ் முழுக்க அலசற நூல்) எழுதினப்ப இதை வச்சுத்தான் மூணு செக்ஷனா பிரிச்சார், கூடவே கிளாம்ப் கனெக்ஷன் (இழையோட செல்கள் சேர்ற இடத்துல கொக்கி மாதிரி வளைவு) இருக்கா இல்லையாங்கறதும், முள்ளு மட்டும் இருக்கற கூட்டத்துல கிளாம்ப் இருக்காது. இன்னிக்கும் அந்த மோனோகிராஃபை ஒதுக்கிட்டு யாரும் இதுல வேலை செய்ய முடியாது. (குஸ்மானை உலகத்துக்குத் தெரிஞ்சது சைலோசைப்ங்கற போதைக் காளானுக்காக, ஆனா எனக்கு அவர் எர்த்பால்காரர்.)

ஸ்போர்ல ரெண்டு பொறி இருக்கு, ரெண்டுலயும் ஆளுங்க விழுந்துட்டே இருக்காங்க. ஒண்ணு, இளசுல இருந்து எடுத்து அளக்கறது. இதுல பெசிடியம் (ஸ்போர் உருவாகற செல்) சீக்கிரமே கரைஞ்சு காணாமப் போயிடும், ஸ்போர் கழண்டப்புறமும் வளர்ந்துட்டே இருக்கும், சுத்தி இருக்கற நர்ஸ் ஹைஃபாங்கற இழைங்க அதை மூடி ஊட்டி வளர்க்கும், அந்த ஸ்டேஜ்ல ஸ்போர் சின்னதாவும் வழவழன்னும் இருக்கும், முள்ளும் வலையும் பிறகுதான் வரும். அதை அளந்துட்டு ஆஹா வழவழ ஸ்போர், புது ஸ்பீசிஸ்னு குதிச்சா முடிஞ்சுது. ரெண்டாவது, முள்ளைச் சேர்த்து அளந்தீங்களா சேர்க்காம அளந்தீங்களான்னு எழுதாம விடறது. முள்ளு ஒரு பக்கம் ஒண்ணு ரெண்டு மைக்ரான்னாலும் ரெண்டு பக்கமும் சேர்த்தா நாலு மைக்ரான் வரைக்கும் வித்தியாசம், சிட்ரினம் ஸ்போரே சுமார் 9ல இருந்து 13 மைக்ரான்தான்னு வச்சுப் பாருங்க, அந்த நாலு மைக்ரான்ல ஒரு ஸ்பீசிஸ் இன்னொண்ணா மாறிடும். குறைஞ்சது முப்பது ஸ்போராவது அளங்க, ஒண்ணுக்கு மேற்பட்ட உருண்டையில இருந்து, எந்த திரவத்துல போட்டு அளந்தீங்கன்னும் எழுதுங்க. முடிஞ்சா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம், பக்கத்துல இருக்கற யுனிவர்சிட்டியில கேட்டா கட்டணம் கட்டி எடுத்துக்கலாம், அரைகுறை வலையா முழு வலையாங்கற சண்டையை அது ஒரே படத்துல தீர்த்துடும்.

அடுத்தது பேருங்களோட காடு. இந்த ஜீனஸை பெர்சூன் 1801ல நிறுவினார், அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஊருக்கு ஒரு பேர் வச்சுட்டுப் போயிட்டாங்க, அதுல எத்தனையோ ஒரே காளானுக்கு வச்ச வேற வேற பேர். நம்மூர் பழைய புக்குல ஸ்கிளீரோடெர்மா ஆரன்ஷியம், ஸ்கிளீரோடெர்மா வல்காரேன்னு பார்த்தா திகைக்காதீங்க, பெரும்பாலும் அது இன்னிக்கு சிட்ரினம்னு சொல்றதுதான். இன்னொரு பக்கம் இதுக்கு நேர் எதிர் பிரச்னை, பல காளானை ஒரே பேருக்குள்ள போட்டு அடைக்கறது. சின்னமாரியென்ஸேன்னு பளிச்சுன்னு மஞ்சளா ஒண்ணு, பிரெஞ்சு கயானாவுல சின்னமாரிங்கற ஊர்ப் பேர்ல 1840ல மோன்டாக்னே வச்சது, அந்தப் பேரை ஆப்பிரிக்காவுல நீட்டம் கொடிக்குக் கீழ வர்றதுக்கும் போடறாங்க, தென்கிழக்கு ஆசியாவுல வர்ற மஞ்சள் உருண்டைக்கும் போடறாங்க, மூணு கண்டத்துலயும் ஒரே ஸ்பீசிஸா இருக்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அதனால வெறும் விவரணையைப் படிச்சு ஒத்துப்போகலன்னு முடிவு பண்ணாதீங்க, பழைய விவரணை பலதும் நாலு வரிதான் இருக்கும், அந்தப் பேரோட டைப் ஸ்பெசிமனைப் (பேர் வைக்க ஆதாரமா வச்ச சாம்பிள்) பார்க்கணும், இல்ல அதைப் பார்த்தவர் எழுதினதையாவது படிக்கணும். பெர்சூனோட சேகரிப்பு நெதர்லாந்துல லைடன் ஹெர்பேரியத்துல (உலர்த்தின சாம்பிள்களைப் பாதுகாக்கற இடம்) இருக்கு. இருநூறு வருஷப் பொடிதான், ஆனா ஸ்கிளீரோடெர்மா ஸ்போர் அவ்வளவு சீக்கிரம் கெடாது, முள்ளு அப்படியே நிக்கும், இந்த விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம்.

டிஎன்ஏன்னா ஐடிஎஸ் பகுதியில ஆரம்பிங்க, 2012ல இருந்து காளானுக்கு அதிகாரபூர்வ பார்கோடே (ஸ்பீசிஸை அடையாளம் காட்டற டிஎன்ஏ துண்டு) அதுதான். ரிசல்ட் வந்ததும் எல்லாரும் பண்றது ஜீன்பேங்க்ங்கற பொது டிஎன்ஏ டேட்டாபேஸ்ல பிளாஸ்ட் (ஒத்துப்போறதைத் தேடற டூல்) போட்டு, மேல வந்த பேரோட 94% தான் ஒத்துப்போகுது, அப்ப புதுசுன்னு சொல்றது. நிறுத்துங்க. ஜீன்பேங்க்ல பேரை ஏத்தறவங்க ஏத்தினது ஏத்தினபடி நிக்கும், சிட்ரினம்னு போட்டிருக்கறது சிட்ரினமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அதே மாதிரி உங்களோடது ஒத்துப்போகலன்னா அந்த ஸ்பீசிஸுக்கு இன்னும் யாரும் சீக்வென்ஸே எடுக்கலன்னும் இருக்கலாம், பேர் வச்சு டிஎன்ஏ இல்லாம ஹெர்பேரியத்துல தூங்கற ஸ்கிளீரோடெர்மா நிறைய இருக்கு. யுனைட் டேட்டாபேஸையும் பாருங்க, அதுல மண்ணுல இருந்தும் வேர் நுனியில இருந்தும் எடுத்த சீக்வென்ஸ் எல்லாம் இருக்கும், சில சமயம் உங்க காளான் வேற ஏதோ நாட்டுல பேர் இல்லாம வேர்ல ஏற்கனவே மாட்டியிருக்கும். அப்புறம் டைப் ஸ்பெசிமன்ல இருந்து வந்த சீக்வென்ஸ்களா பொறுக்கி, எல்எஸ்யூ, ஆர்பிபி2 மாதிரி இன்னொரு ஜீனும் சேர்த்து ட்ரீ (எது எதுக்குச் சொந்தம்னு காட்டற கிளைப்படம்) போடுங்க. உங்க சாம்பிள்கள் எல்லாம் ஒரே கிளையில சேர்ந்து நின்னு, அந்தக் கிளைக்கு ஸ்போர்லயோ தோல்லயோ கண்ணால பார்க்கற ஒரு வித்தியாசமும் இருந்தா, அப்ப பேசலாம். டிஎன்ஏ மட்டும் தனியா நின்னாலும் எனக்குத் திருப்தி வராது, முள்ளு மட்டும் தனியா நின்னாலும் வராது.

அறிவிக்கற ரூல்ஸ் நீங்க பயப்படற அளவுக்கு இல்ல. 1935ல இருந்து லத்தீன்ல விவரணை எழுதியே ஆகணும்னு இருந்துச்சு, 2012 ஜனவரி 1ல இருந்து இங்கிலீஷும் போதும். 2013 ஜனவரி 1ல இருந்து மைக்கோபேங்க், இண்டெக்ஸ் ஃபங்கோரம் மாதிரி ரிஜிஸ்ட்ரியில நம்பர் வாங்கி பேப்பர்ல போடணும், போடலைன்னா அந்தப் பேர் செல்லாது. ஹோலோடைப்னு ஒரே ஒரு சேகரிப்பைக் குறிச்சு, அது எந்த ஹெர்பேரியத்துல இருக்குன்னு எழுதணும், உங்க வீட்டு பீரோ ஹெர்பேரியம் ஆகாது. முறையான ஜர்னல்ல வரணும், பிளாக்லயோ ஃபேஸ்புக்லயோ பேர் போட்டா அது நாமகரணம் ஆகாது. இந்தியாவுல கூடுதலா ஒண்ணு இருக்கு, உயிரியல் பன்முகத்தன்மை சட்டம் 2002, பிரிவு 39, யார் புதுசா ஒரு டாக்ஸான் (ஸ்பீசிஸ் மாதிரி ஒரு வகைப்பாட்டுப் பிரிவு) கண்டுபிடிச்சாலும் அரசு குறிச்ச களஞ்சியத்துக்குத் தெரிவிச்சு வவுச்சர் ஸ்பெசிமனை (ஆதார சாம்பிளை) ஒப்படைக்கணும், பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா அதுல ஒண்ணு. சாம்பிளை வெளிநாட்டு நண்பருக்கு கூரியர்ல அனுப்பலாம்னு நினைச்சா அதுக்கு முன்னாடி தேசிய பல்லுயிர் ஆணையத்தோட நடைமுறையைப் பார்த்துக்கோங்க, ஆபீஸ் சென்னையிலதான், தரமணியில.

ஊர்ப் பேர் தாராளமா வைக்கலாம், சுதெபென்ஸே ஒரு மலைப் பேர், மிச்சிகனென்ஸே, யுன்னானென்ஸே எல்லாம் அப்படி வந்ததுதான். ஸ்கிளீரோடெர்மாங்கறது இலக்கணத்துல நியூட்டர், அதனால ஊர்ப் பேருக்குப் பின்னாடி என்ஸேன்னு முடியும், பண்பைச் சொல்ற பேர்னா சிட்ரினம், வெருகோசம் மாதிரி அம்னு முடியும். உங்க சொந்தப் பேரை நீங்களே வைக்கறதுக்கு ரூல் தடை சொல்லல, ஆனா அந்த வட்டாரத்துல யாரும் பண்ண மாட்டாங்க, பண்ணினா காலத்துக்கும் கிண்டல்தான்.

உங்க உருண்டைக்கு இப்ப செய்ய வேண்டியது ரெண்டே வேலை, முத்தின பொடியை எடுத்து வலையா முள்ளான்னு பாருங்க, தோல் தடிமனை அளங்க. வலையும் தடிச்ச தோலும்னா சிட்ரினம்னு எழுதி, தேதி, இடம், மரத்தோட பேர் போட்டு ஹெர்பேரியத்துல கொடுத்துடுங்க, அதுவும் வேணும், அடுத்து ஒருத்தர் கம்பேர் பண்ண அதுதான் கையில இருக்கும். வெறும் முள்ளுன்னா, இல்ல மெல்லிசுத் தோல்ல வலைன்னா, அந்த ஸ்போர் படத்தை ஸ்கேல் பாரோட இங்கயே போடுங்க, மேற்கொண்டு பார்ப்போம்.